கல்யாணப் பதிவு, எண் ஒன்று

தேஜுராம். எழுதுங்க, தேஜுராம். எதுக்கு பேனாவ நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாக்குறீங்க ரிஜிஸ்ட்ரார் சாயீன்? ஆமா, என் புருஷன் பேருதான். நானேதான் சொன்னேன். எங்க பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, பரவால்ல. முப்பத்தோரு வருஷமா நானும் சொன்னதில்லதான். லாச்சியோட அப்பான்னு சொல்லுவேன். லாச்சி பொறக்கறதுக்கு முன்னாடி அதுவும் கெடையாது, தொண்டையச் செருமுவேன், அவரு திரும்பிப் பாப்பாரு. இப்ப சொல்லியாச்சு, நாக்கு அழுகி ஒண்ணும் விழல. எழுதுங்க.

அவங்கப்பா பேரு பூராராம். தொழிலு தையல்னு போடுங்க. இந்து உரிமை சபா தலைவர்னு போடறதுக்கு அதுல கட்டம் இருக்கா? இல்லைல்ல, அப்ப தையல்தான். மெஷின் மேல ஒரு விரக்கடை தூசி கெடக்குது, அது வேற கதை.

என் பேரு கவரி. வயசு நாப்பத்தெட்டு. கல்யாணம் நடந்தது இதே சக்குல, இந்தக் கிராமத்துலதான், எங்கப்பா வீட்டு முற்றத்துல. மந்திரம் சொன்னவரு ஹர்ஜி மகராஜ், உசுரோடதான் இருக்காரு, காது மட்டும் கேக்காது. அவரு கைரேகை அடியில இருக்கு பாருங்க. சாட்சி ரெண்டு பேரு கேட்டீங்க, ரெண்டு பேரும் போட்டாச்சு. புருஷன் கையெழுத்து இந்தா. இங்கிலீஷ்ல போட்டு, கீழ ரெண்டு கோடு வேற இழுத்திருக்காரு. என் பெருவிரல மட்டும் உங்க கண்ணு முன்னாடி வைக்கணும்னீங்க, மையக் குடுங்க, வைக்கிறேன். ஷாதி பரத்துன்னு சொல்றீங்களே, அந்தக் கல்யாணச் சீட்டு, அதக் குடுக்க இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?

ஞாயித்துக்கிழமை விழாவுல வாங்கிக்கலாமா. எனக்குத் தெரியாதா சாயீன் விழா இருக்குன்னு? ஷாமியானா போட்டு, மைக்கு வச்சு, லாகூர்லருந்து மாகாணசபை மெம்பரு வந்து, ரிஜிஸ்டர்ல மொதக் கல்யாணமா தலைவர் கல்யாணத்தையே எழுதி, ரெண்டு பேத்தையும் நிக்க வச்சு போட்டோ எடுக்கப் போறாங்க. அந்த யோசனையே என்னோடதுதான். மொதப் பக்கத்துல உங்க பேருதான் இருக்கணும், பத்திரிகையில வரும்னு நான்தான் சொன்னேன். சொன்ன ஒடனே அவரு மூஞ்சியப் பாக்கணுமே. சபா போட்டோக்காரனக் கூப்பிட்டு வந்து, கயித்துக் கட்டில்ல சாஞ்சு உக்காந்து, கேமராவப் பாத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. பத்திரமா பொட்டியில வையின்னு எங்கிட்டக் குடுத்தாரு. பத்திரமாத்தான் வச்சேன், இன்னிக்குக் காலையில வரைக்கும்.

எனக்கு ஞாயித்துக்கிழமை வேணாம். இன்னிக்கு வேணும்.

அந்த போனக் கீழ வைங்க. அவரக் கேட்டுத்தான் போடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? கையெழுத்து அவருது இல்லங்கிறீங்களா? அவருதுதானே. பஹவல்பூர்ல மீட்டிங்கு, இந்நேரம் மேடையில உக்காந்திருப்பாரு, எடுக்க மாட்டாரு. எடுத்தாலும், உங்க பொண்டாட்டி உங்களுக்குப் பொண்டாட்டின்னு எழுதலாமான்னு கேப்பீங்களா? வைங்க சாயீன்.

டீ வேணாம். உங்க கடைக்காரன் எங்களுக்குன்னு தனியா ஒரு கிளாஸ் ஆணியில மாட்டி வச்சிருக்கான், அதுலதான் கொண்டாருவான். நீங்க குடிங்க, குடிச்சிட்டாவது எழுதுங்க.

ஏன் இவ்ளோ அவசரம்னா, என்ன சொல்ல. அடையாள அட்டைன்னு வச்சுக்கங்க. என் அட்டையில இன்னிக்கு வரைக்கும் அப்பா பேருதான் இருக்கு. அந்த மனுஷன் செத்து இருவது வருஷமாச்சு. புருஷன் பேரு போடுங்கன்னு போனா, கல்யாணச் சீட்டு எங்கம்மான்னு கேப்பாங்க. இல்லன்னா, அப்ப நீ கல்யாணமாகாதவன்னு எழுதிடுவாங்க. அன்னிக்கு லாச்சிய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறேன், கல்யாணமாகாதவளாம். உங்க வீட்டுல நிக்காஹ் முடிஞ்ச கையோட காகிதம் வந்துருது. எங்களுக்கு அக்கினியச் சுத்தி வந்தா அதோட சரி. நெருப்பு எந்த ஆபீஸ்ல வந்து சாட்சி சொல்லும்?

உங்க ஆளுங்களக் குத்தம் சொல்லல சாயீன், நடந்ததச் சொல்றேன். ஒரு தடவ இங்க பக்கத்துக் கான்பூர்லருந்து பஸ்ல வந்துட்டிருந்தோம், நானும் அவரும். செக்போஸ்ட்ல நிறுத்துனான். அவரப் பாத்து, இவ யாருன்னான். பொண்டாட்டின்னாரு. என்ன ஆதாரம்னான். அவரு என்ன காட்டுவாரு, எங்க ஆளுங்கள்ல கல்யாணமானவ போடறது, என் கையில மேல்கை வரைக்கும் கெடக்கிற வெள்ள வளையலக் காட்டுனாரு. அந்தப் போலீஸ்காரன் சிரிச்சான் பாருங்க, இதெல்லாம் சந்தையில கூடைக் கணக்குல கெடைக்குதுன்னான். ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சான். பஸ்ஸுல இருந்த அத்தன பேரும் ஜன்னல் வழியா என்னையே பாக்குறாங்க, எவளோ எவனையோ இழுத்துட்டு ஓடுறான்னு. அப்புறம் விட்டுட்டான். திரும்பி சீட்டுல உக்காந்ததும் அவரு தலப்பா நுனியால மூஞ்ச மூடிக்கிட்டு அழுதாரு. நான் அழல, அவருதான் அழுதாரு.

அதச் சொல்லணும், சொல்லாம விட்டா எனக்குத்தான் பாவம். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்த இந்து உரிமை சபா எல்லாம். கடைய மூடிட்டு ஒரு ஃபைலக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊரு ஊரா அலஞ்சாரு. எங்களுக்கும் கல்யாணச் சட்டம் வேணும், எங்க பொம்பளைங்களுக்கும் காகிதம் வேணும்னு. பக்கத்துச் சக்குல ஒரு பொண்ண, ரெண்டு புள்ள பெத்தவள, தூக்கிட்டுப் போயி வேற ஒருத்தனுக்குக் கட்டி வச்சுட்டாங்க. கோர்ட்டுல அவ புருஷன் நிக்கிறான், புள்ளைங்க நிக்குது, ஜட்ஜு காகிதம் எங்கேங்கிறாரு. அந்தக் கேஸுக்கு இவருதான் அலஞ்சாரு, செருப்பு தேஞ்சுது. எனக்கு அப்ப அவரு மேல எவ்ளோ பெருமைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ராத்திரி பகலா காஜா போட்டு, பொத்தான் தச்சு, அந்த வீட்ட நான்தான் ஓட்டுனேன். மனசோடதான் ஓட்டுனேன்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா கேக்குறீங்க? தலைவரா ஆனாரு. அதான் ஆச்சு.

இஸ்லாமாபாத்துல கமிட்டி கூப்பிட்டுச்சு. சட்டம் எழுதறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்களயும் ஒரு வார்த்த கேக்கணுமாம். இவரோட சேத்து எட்டு ஆம்பளைங்க கெளம்புனாங்க. வெறும் ஆம்பளைங்களா போனா நல்லாருக்காதுன்னு எவனோ சொல்லி, பொம்பளைங்க மூணு பேரச் சேத்தாங்க. நான் ஒருத்தி. பதினாலு மணி நேரம் வேன்ல. பொம்பளைங்க பின் சீட்டு, ஸ்டெப்னி டயரோட.

வழி பூரா இவங்களுக்குள்ள சண்ட. காகிதம் வேணுங்கறதுல எல்லாரும் ஒத்துப்போறாங்க. ஆனா அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்காம், ஒத்து வரலன்னா புருஷன் பொண்டாட்டி கோர்ட்டுல போயி பிரிஞ்சுக்கலாம்னு. அதச் சொன்னதும் எட்டுப் பேருக்கும் சாமி வந்துருச்சு. ஏழு ஜென்மப் பந்தமாம், அத எந்தக் கோர்ட்டு பிரிக்கிறதாம். அந்தப் பிரிவ எடுக்க வச்சுட்டுத்தான் வரணும்னு முடிவு பண்ணிட்டாங்க. பின்னாடி உக்காந்திருக்கோமே மூணு பேரு, என்னம்மா சொல்றீங்கன்னு ஒருத்தன் திரும்பிக் கேக்கல. எங்ககிட்டக் கேட்டது ஒண்ணுதான், ரொட்டி கட்டிட்டு வந்தீங்களான்னு.

பெரிய மேசை, குளிருன்னா அப்படி ஒரு குளிரு உள்ள. கமிட்டியில ஒரு மேடம் இருந்தாங்க. நல்ல மனுஷி, எங்களப் பாத்துச் சிரிச்சாங்க. ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா பேசி முடிச்சதும், அந்தப் பொம்பளைங்க எதுனா சொல்லட்டுமேன்னாங்க. நான் முன்னாடி நகந்து உக்காந்தேன். ஏன்னா எனக்குச் சொல்ல இருந்துச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எங்க லாச்சி மாமியார் வீட்டுலருந்து வந்து நின்னா.

எங்க பொண்ணு. ஒரே பொண்ணு. அப்ப பதினெட்டு வயசு, கல்யாணமாகி அஞ்சு மாசம். வாய் ஓரம் கிழிஞ்சு, ஒரு பக்கத்துக் காதுல தோடு இல்லாம, தோடு இருந்த எடத்துல தோலும் இல்லாம வந்து நின்னா. இவரு பாத்தாரு. தலையில கைய வச்சு உக்காந்தாரு. அடுத்த நாளு இவரே கொண்டுபோயி விட்டுட்டு வந்துட்டாரு. கமிட்டி முன்னாடி போயிக் குடும்பத்தப் பத்திப் பேசப் போறேன், எம் பொண்ணே வீட்டுல வந்து உக்காந்திருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேசறதுன்னாரு.

அத வயித்துல வச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்கேன். மேடம் என்னப் பாத்து, பயப்படாதம்மா, மொதல்ல உம் பேரு, உம் புருஷன் பேரு சொல்லு, எழுதிக்கிறோம்னாங்க. எம் பேரச் சொல்லிட்டேன். புருஷன் பேரு வரல. பக்கத்துலயே உக்காந்திருக்காரு, எட்டு ஆம்பளைங்க பாக்குறாங்க, முக்காட்ட இழுத்து மூடிக்கிட்டேன். மேடம் ரெண்டாவது தடவ கேட்டாங்க. தொண்டையச் செருமுனேன். எனக்குத் தெரிஞ்சது அதான்.

இவரு எந்திரிச்சாரு சாயீன். சபைக்கு முன்னாடி எந்திரிச்சு, கையக் கூப்பி, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பாருங்க மேடம், இவ என் பொண்டாட்டி. இருவது வருஷமா என் பேர வாயால சொன்னதில்ல. புருஷன் பேரயே சொல்லக் கூசுறவ, புருஷன் வேணாம்னு கோர்ட்டுல வந்து சொல்லுவாளா? எங்க பொம்பளைங்களுக்கு இந்தப் பிரிவு தேவையில்ல, இவளே சாட்சின்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு ஆளு குனிஞ்சு எழுதிக்கிட்டான், நான் பாத்தேன். நான் ஒரு வார்த்த பேசல, ஆனா என் சாட்சிய எழுதிக்கிட்டாங்க. வேன்ல திரும்பி வர்றப்ப மத்த ஏழு பேரும் அவரு முதுகத் தட்டுறாங்க, என்னமா அடிச்சீங்க தலைவரேன்னு. நான் டயரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பத்து வருஷமா எரியுது சாயீன் இங்க. அவரு மேல பாதி. என் மேல பாதி.

ஆனா பாருங்க, அந்த மேடம் விடல. என்ன நெனச்சாங்களோ, அந்தப் பிரிவு அப்படியே இருக்கட்டும்னு பிடிவாதமா நின்னாங்களாம். சட்டம் பாஸாச்சு, அதுவும் உள்ளயேதான் இருக்கு. அது இவங்களுக்கு மறந்தே போச்சு. சட்டம் வந்துருச்சு, அத வாங்கிக் குடுத்தது நாங்கதான்னு மேளம், மாலை, கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. ரெண்டாவது தடவ லாச்சி வந்தது அன்னிக்குத்தான். எடது மணிக்கட்டு ஒடஞ்சு, தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வயித்துல புள்ள வேற. மாலையோட இருந்த மனுஷன், இப்ப வந்தியே, ஊரே கூடியிருக்குன்னாரு. கட்டுப் போட்டு நாலாம் நாள் கொண்டுபோயி விட்டுட்டாங்க.

அப்பா, நீ வாங்குன சட்டத்துல எனக்கு எடம் இருக்காமேன்னு கேட்டா அவ. ஸ்கூலு படிச்சவ, பேப்பர்ல பாத்திருக்கா. அதெல்லாம் மத்தவங்களுக்கும்மான்னாரு. யாருக்குன்னு சொல்லல.

அந்தப் புள்ள பொறந்து இப்ப மூணாங்கிளாஸ் படிக்குது. சட்டம் பாஸாகி அத்தன வருஷம் ஆச்சு. இந்த ரிஜிஸ்டர் எப்ப வந்துச்சு உங்ககிட்ட? போன வாரம். எட்டு வருஷமா, விதி எழுதல, ஆள் போடல, ஃபாரம் அச்சடிக்கலன்னு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை. இதே நாற்காலியில உங்களுக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட நான் ஒம்போது தடவ வந்திருக்கேன். அடுத்த மாசம் வாம்மாம்பாரு. எனக்கு அட்டைக்கு மட்டும் வேணும்னா ஒம்போது தடவ வருவேனா? இவ்ளோ நாள் அப்பா பேரோட இருந்தவ, சாகற வரைக்கும் அப்படியே இருந்துட்டுப் போவேன்.

சரி. எழுதி முடிச்சீங்களா? எங்க, படிங்க. ம். ம். தேஜுராம், ஆமா. கவரி. பதிவு எண் ஒண்ணு. நல்லாருக்கு உங்க கையெழுத்து, நான் படிக்கத் தெரியாதவதான், ஆனா பாத்தா தெரியுது.

ரெண்டு நகல் போடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு கோர்ட்டுக்கு. குடும்பக் கோர்ட்டுதான், ரஹீம் யார் கான்ல. வக்கீல் ஸமீனா பீபி காத்துக்கிட்டு இருக்காங்க, ரெண்டு மணிக்குள்ள குடுத்தாத்தான் இன்னிக்குத் தேதியில ஏத்துவாங்களாம். அவங்கதான் சொன்னாங்க, கல்யாணமே ஆகலன்னு காகிதம் சொல்றப்ப நான் எதம்மா பிரிக்கச் சொல்லிக் கேக்குறது, மொதல்ல கல்யாணம் ஆச்சுன்னு எழுதி வாங்கிட்டு வான்னு. அதான் வந்தேன்.

லாச்சிக்கா? இல்ல சாயீன். அவ சீட்டும் போடணும், அது அடுத்தது. இது எனக்கு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க. குடிகாரரு இல்ல. என்ன அடிச்சதில்ல, ஒரு தடவ கூட இல்ல. வக்கீல் பீபியும் இதத்தான் கேட்டாங்க, என்னன்னு காரணம் எழுதறதுன்னு. எம் பொண்ண மூணு தடவ திருப்பி அனுப்புனாரு, அத எழுதுங்கன்னேன். கொடுமைன்னு எழுதிப் பாக்கலாம், நிக்குமா நிக்காதான்னு சொல்ல முடியாதுன்னாங்க. நிக்கட்டும், நிக்காம போகட்டும். நான் போயி அங்க நின்னேன்னு இருக்கும்ல.

மூணாவது தடவ லாச்சி வந்தது போன மாசம். இந்தத் தடவ நான் பஞ்சாயத்தக் கூட்டச் சொன்னேன். முக்காட்டோட ஓரமா நின்னு, எம் பொண்ண இனிமே அனுப்ப மாட்டேன், கோர்ட்டுக்குப் போறோம்னு சொன்னேன். பெரியவங்க ஒருத்தரு கேட்டாரு, நம்ம சாதியில புருஷன் வேணாம்னு கோர்ட்டுப் படி ஏறுனவ ஒருத்தியக் காட்டு, அப்புறம் உம் பொண்ணப் பத்திப் பேசுவோம்னு. இவரும் அங்கதான் உக்காந்திருந்தாரு, சரிதான்னு தலையாட்டிக்கிட்டு. மறுநாளே அவளக் கொண்டுபோயி விட்டுட்டு வந்துட்டாரு. காட்டறதுக்கு எனக்கு வேற ஆளு கெடைக்கல சாயீன்.

மை டப்பாவ இப்படித் தள்ளுங்க. எந்தக் கைப் பெருவிரலு, எடதா வலதா?